நீலம் இல்லாத ஓவியங்கள்



கிண்ணியாவில் நீலத்துக்குப் பஞ்சமில்லை. கொட்டியாரக் குடாவும் அதன்மேற் கவிந்த வானமும் போதாவா? அத்தகைய ஊரிலே, சித்திர வகுப்பொன்றில் நீல வர்ணம் தீர்ந்துபோன நாளிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

சித்திர ஆசிரியர் விடுப்பில் இருந்தமையால் அதிபராகிய நானே வகுப்புக்குச் சென்றிருந்தேன். மேசைமேல் ஒரு தயிர்ச் சட்டி, இரண்டு தேசிக்காய்கள். அக்கிரிலிக் வர்ணத்தில் எஞ்சியிருந்தவை வெள்ளை, மஞ்சட்காவி, சிவப்பு, கறுப்பு ஆகிய நான்கே. மாணவி ஒருத்தி தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். "சேர், சட்டிக்குப் பின்னால் கடல் தெரிகிறதே, நீலம் இல்லாமல் எப்படி வரைவது?" என்றாள். வீட்டில் புதுக் குழாய் வாங்கித் தர வசதியில்லை என்பதும் அக்கேள்விக்குள் இருந்தது. அவளுக்குக் கூறிய விடையையே சற்று விரித்து உங்களுக்கும் கூறுகிறேன்.

திருகோணமலையிலிருந்து ஹபரணை வழியாகச் செல்வோர் சிகிரியாக் குன்றை அறிவர். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் காலத்து ஓவியங்கள் அங்கே உள்ளன. தொல்பொருள் ஆணையாளராயிருந்த எச்.சி.பி. பெல் அவற்றை ஆராய்ந்து, மஞ்சள், சிவப்பு, பச்சை ஆகிய வர்ணங்களே கையாளப்பட்டுள்ளன என்றும், நீலம் காணப்படவில்லை என்றும் வியந்தார். அதே நூற்றாண்டில் அஜந்தாவின் ஓவியர் நீலக்கல்லை அரைத்துத் தீட்டினர். அக்கல் ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து வந்தது. சிகிரியாவின் ஓவியனோ மண்ணையே பெரிதும் நம்பினான். முகிலிலிருந்து எழும் அந்த மகளிரைக் கண்டு "நீலம் எங்கே?" என்று கேட்டவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

கிரேக்க நாட்டிலும் இவ்வழக்கம் இருந்தது. நம் தீவைத் தப்ரொபேன் என்று குறித்த உரோம ஆசிரியர் பிளினி, வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்னும் நான்கு வர்ணங்களைக் கொண்டே அலெக்சாந்தரின் ஓவியனாகிய அப்பெலிஸ் முதலியோர் புகழ்பெற்றனர் என்கிறார். தம் காலத்திலோ விலையுயர்ந்த சாயங்கள் மலிந்தும் சிறந்த ஓவியம் இல்லை என்று சலித்துக்கொள்கிறார். முதியோர் சலிப்பை முழுதும் நம்ப வேண்டியதில்லை, நானும் முதியோன்தான். ஆயினும் சுவீடன் நாட்டு ஓவியர் அந்தர்ஸ் சோர்ன், 1896ஆம் ஆண்டில் தீட்டிய தன்னுருவ ஓவியத்தில் அதே நான்கு வர்ணங்கள் கொண்ட தட்டையே கையில் ஏந்தியிருக்கிறார்.

இது எவ்வாறு இயலும்? பாரிசில் கோபெலின் திரைச்சீலைத் தொழிற்சாலையின் சாயப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்தவர் செவ்ரல் என்னும் இரசாயன அறிஞர். கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்ற முறைப்பாடு அவரிடம் வந்தது. சாயத்தைச் சோதித்தார், குற்றம் சாயத்தில் இல்லை. பக்கத்தில் நின்ற நீலமும் ஊதாவுமே கறுப்பின் தோற்றத்தைக் கெடுத்தன. ஒரு நிறம் தன் அயல்நிறத்தைத் தனக்கு எதிரான நிறத்தை நோக்கித் தள்ளுகிறது என்று 1839இல் நூலாக எழுதினார். ஆகவே செம்மஞ்சளின் அருகே வைத்த சாம்பல் நிறம் கண்ணுக்கு நீலமாகத் தோன்றும். மஞ்சட்காவியிற் சிறிது கறுப்பைக் கலந்தால் தேசிக்காயின் பச்சையும் கிடைத்துவிடும்.

அக்கிரிலிக் வர்ணமோ நேற்றுப் பிறந்த பிள்ளை. நீரிற் கரைத்துத் தீட்டும் அதன் வகை ஓவியர் கைக்கு வந்தது 1950களின் நடுவிலேதான். நீர் ஆவியானதும் பிசின் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். பின்பு நீரிற் கரையாது. எங்கள் கச்சான் காற்றில் அது தட்டிலேயே காய்ந்துவிடும். எனவே வர்ணத்தைச் சிறிது சிறிதாகவே பிதுக்க வேண்டும். ஈரத்துணியும் அருகில் இருக்க வேண்டும்.

அம்மாணவி கறுப்பையும் வெள்ளையையும் குழைத்து, செங்காவி நிறச் சட்டியின் பின்னே ஒரு பட்டையாக இழுத்தாள். சற்றுத் தள்ளிநின்று பார்த்தாள். "நீலம் மாதிரித்தான் இருக்குது சேர்" என்றாள்.

அடுத்த வாரம் நீலக் குழாய் வந்து சேர்ந்தது. சட்டியின் நிழலுக்குச் சிறிது எடுத்துக்கொண்டாள். கடலை அவள் தொடவில்லை.