200 மீற்றர் உலக சாதனை: பதிவேட்டில் ஏறியவையும் ஏறாததும்

ஆண்களுக்கான 200 மீற்றர் ஓட்டத்தின் தற்போதைய உலக சாதனை 19.19 செக்கன்கள். ஜமைக்காவின் உசைன் போல்ட் 2009 ஓகஸ்ட் 20ஆம் திகதி பேர்லினில் அதை நிலைநாட்டினார். பேச்செல்லாம் 100 மீற்றரைப் பற்றியே இருந்தாலும், 200 மீற்றர் பதிவேட்டில் உள்ள கதைகள் அதைவிடக் கனமானவை.

விதி எளிது. பின்காற்று செக்கனுக்கு 2 மீற்றரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனையாக ஏற்கப்படாது. மைதானம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்பதற்கு மட்டும் எல்லை இல்லை. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு, தடையும் குறைவு. குறுந்தூர வீரர்களுக்கு இது இலாபம்.

1968 செப்டெம்பரில் அமெரிக்காவின் எக்கோ சமிட் மலைப்பகுதியில் ஜோன் கார்லோஸ் 19.92 செக்கன்களில் ஓடினார். அது பதிவேட்டில் ஏறவில்லை. அவருடைய சப்பாத்தின் அடியில் வழமையான ஆறு ஆணிகளுக்குப் பதிலாகத் தூரிகை போல 68 சிறு ஆணிகள் இருந்ததே காரணம்.

அடுத்த மாதம், ஒக்டோபர் 16ஆம் திகதி, மெக்சிகோ ஒலிம்பிக் இறுதியோட்டத்தில் டொமி ஸ்மித் 19.83 செக்கன்களில் ஓடினார். எல்லைக்கோட்டுக்குச் சில மீற்றர் முன்பே கைகளை உயர்த்தியபடி முடித்த ஓட்டம் அது. அவுஸ்திரேலியாவின் பீற்றர் நோர்மன் 20.06 செக்கன்களில் இரண்டாமிடம், கார்லோஸ் மூன்றாமிடம். பதக்க மேடையில் ஸ்மித்தும் கார்லோஸும் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தித் தலைகுனிந்து நின்றார்கள். வெள்ளையரான நோர்மனும் அவர்கள் அணிந்த மனித உரிமைச் சின்னத்தை நெஞ்சில் குத்தியிருந்தார்.

அமெரிக்கர் இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நோர்மனுக்கு 1972 ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்கவில்லை. ஏன் என்பதில் இன்றும் வாதம் உண்டு. 2006இல் அவர் இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஸ்மித்தும் கார்லோஸும் இருந்தார்கள். அவுஸ்திரேலிய நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2012இல், அதாவது அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு. அவருடைய 20.06 தேசிய சாதனையாக 56 ஆண்டுகள் நின்றது. 2024 டிசெம்பரில் அதை முறியடித்தவர் 16 வயதுக் கவுட் கவுட். தென் சூடானிலிருந்து புலம்பெயர்ந்த பெற்றோரின் பிள்ளை.

ஸ்மித்தின் உலக சாதனையை 1979இல் அதே மெக்சிகோ நகரில் இத்தாலியின் பியெத்ரோ மென்னெயா 19.72 ஆக மாற்றினார். ஐரோப்பிய சாதனை இன்னும் அதுதான். 1996 ஜூனில் மைக்கல் ஜோன்சன் 19.66 ஓடினார், ஆறு வாரத்துக்குள் அற்லாண்டா ஒலிம்பிக்கில் 19.32. செக்கனின் நூறில் ஒரு பங்குக்குப் போராடும் ஓட்டத்தில் 34 பங்குகள் ஒரே அடியில் போயின. 2008இல் பீஜிங்கில் எதிர்க்காற்றில் 19.30 ஓடிய போல்ட், மறு ஆண்டு பேர்லினிலும் எதிர்க்காற்றிலேயே ஓடினார்.

போல்ட்டுக்கு அடுத்த வேகமான நேரம் இன்னொரு ஜமைக்கரான யொஹான் பிளேக்குடையது: 2011, பிரசல்ஸ், 19.26. அன்று அவர் வெடியொலி கேட்டு அசைய 0.269 செக்கன் எடுத்தார். பேர்லினில் போல்ட் எடுத்தது 0.133. அந்தத் தாமதத்தைக் கழித்தால் பிளேக்கின் ஓட்டமே வேகமானது. ஆனால் பதிவேடு அதைக் கழிப்பதில்லை.