கோடு கூடியது, சரக்கு கூடவில்லை

'எச்.டி.' என்றால் நேற்று வந்த சமாச்சாரம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1936 நவம்பர் 2 அன்று லண்டனில் பி.பி.சி. தொலைக்காட்சி ஆரம்பித்தபோதே அதை 'உயர் தெளிவு' ஒளிபரப்பு என்றுதான் சொன்னார்கள். படத்தில் ஒரு முறைப்படி 240 கோடுகள், இன்னொரு முறைப்படி 405 கோடுகள். அதற்கு முன் இருந்த 30 கோட்டுப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது கண்ணாடிதான். ஆனால் நிகழ்ச்சி? நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பிரான்சின் கதையில் எனக்குத் தனி ருசி. 1948 நவம்பரில் அந்த அரசு 819 கோடுகள் என்று ஆணை போட்டது. அன்று இருந்த வேறு எந்த முறையிலும் அவ்வளவு கோடுகள் இல்லை. 'ஓத் தெஃபினிசியோன்' என்று அவர்களுக்கு ஒரே பெருமை. ஆனால் அந்த முறைக்கு அலைவரிசையில் அதிக இடம் வேண்டியிருந்தது, பெட்டியின் விலையும் கூடியது. 1964-இல் இரண்டாவது சேனல் தொடங்கியபோது அவர்களே 625 கோட்டுக்கு இறங்கி வந்தார்கள்.

நம் ஊருக்கு வருவோம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. கறுப்பு வெள்ளை, மாலையில் மட்டும். தண்டையார்பேட்டையில் ஆலைச் சங்கு கேட்டு எழுந்தவர்கள் 'வயலும் வாழ்வும்' பார்த்தோம். நாற்று நடுவதற்கு இங்கே ஒரு சாண் நிலம் கிடையாது, ஆனாலும் பார்த்தோம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்றால் பெட்டி உள்ள வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. காற்றில் ஆன்டெனா திரும்பிப் படம் புள்ளி புள்ளியாகும், ஒருவர் மொட்டை மாடிக்கு ஓடுவார். குறை இருந்தால் கடிதம் போடலாம். 'எதிரொலி'யில் நிலையத்தார் பதில் சொல்வார்கள்.

1982-இல் தில்லி ஆசிய விளையாட்டுக்காக வண்ணம் வந்தது. 2010 அக்டோபரில் தில்லி காமன்வெல்த் விளையாட்டுக்காக தூர்தர்ஷனின் எச்.டி. வந்தது. 2011 டிசம்பரில் சன் டி.வி. எச்.டி. வந்தது. விளையாட்டு என்றால் பந்தும் வியர்வையும் தெளிவாகத் தெரியும். போட்டி முடிந்த மறுநாள் முதல் 24 மணி நேரத்தை எதை வைத்து நிரப்புவது? அந்தக் கேள்விக்கு எந்த ஊரிலும் முதலிலேயே பதில் தயாராக இருந்ததில்லை.

சமீபத்தில் புதிதாக ஒரு எச்.டி. சேனலுக்குப் பணம் கட்டினேன். பெயர் வேண்டாம். வந்ததெல்லாம் பழைய தொடரும் பழைய படமும்தான். பழையது என்பதில் எனக்கு வருத்தமில்லை, நானே பழையவன். வருத்தம் வேறு. நம் சாதாரண ஒளிபரப்பில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576, எச்.டி.யில் 1080. வீடியோ டேப்பில் எடுத்த தொடரில் இல்லாத கோட்டை எந்த இயந்திரமும் கொண்டுவர முடியாது, ஊதிப் பெரிதாக்கத்தான் முடியும். போதாததற்கு, நாலுக்கு மூன்று அளவுப் படத்தை இழுத்துப் பதினாறுக்கு ஒன்பது திரையில் விரிக்கிறார்கள். கதாநாயகிக்கு ஒரே ராத்திரியில் பத்துக் கிலோ கூடிவிடுகிறது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டாலே போதும், அதுதான் நேர்மை.

இதில் விசித்திரம் என்னவென்றால், அதே பழைய சினிமாவின் 35 எம்.எம். நெகடிவில் எச்.டி.யைவிட அதிக நுணுக்கம் உறங்குகிறது. டி.வி.க்கு வருவதோ பெரும்பாலும் எப்போதோ டேப்பில் ஏற்றிய பிரதி. 1964-இல் வந்த 'கர்ணன்' டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012 மார்ச்சில் மறுபடி வெளியானபோது தியேட்டரில் கூட்டம் கூடியது. சரியாகத் துடைத்துக் கொடுத்தால் பழையதைப் பணம் கொடுத்துப் பார்க்க ஆளிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கட்டண முறையில் ஒரு எச்.டி. சேனலை இரண்டு சேனலாகக் கணக்கிட்டார்கள். ஆயுள் முழுக்க ஆபீஸில் பற்று வரவு எழுதியவன் கேட்கிறேன்: இரண்டு என்று பற்று எழுதினால், வரவிலும் இரண்டு இருக்க வேண்டாமா?