சிவப்பு அடையாள அட்டையும் பறிபோன வேலையும்



1957-இல் மலாயா விடுதலை பெற்ற பின்னரும் தோட்டத் தமிழர் பலர் குடியுரிமை பெறவில்லை. எழுத்தறிவின்மை, பிறப்புப் பத்திரம் இன்மை, மலாய்மொழித் தேர்வு குறித்த அச்சம் ஆகியவை தடுத்தன. நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையே போதுமென்றிருந்தனர். விண்ணப்பித்தோரிலும் பலர் முடிவுக்குக் காத்திருந்தனர்.

1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1969 மே கலவரத்திற்குப் பின் கண்டிப்புடன் செயற்படுத்தப்பட்டது. குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதி கட்டாயமாயிற்று. அவ்வனுமதியும் காலவரையறைக்கு உட்பட்டதே.

இச்சட்டம் எவரையும் நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லவில்லை. வேலையை மட்டுமே பறித்தது. ஆயினும் பால்மரம் வெட்டும் வேலை போனால் லயத்து வீடும் போகும். கூலியும் கூரையுமின்றி ஒரு குடும்பம் எத்தனை மாதம் காத்திருக்க இயலும்? பின்வந்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 இந்தியர் தாயகம் திரும்பினர். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோருடன் கப்பலேறினர்.

ஆகவே, பள்ளியில் நாம் கேட்கும் பிறப்புப் பத்திரம் வெறும் தாளன்று. ஆவணக் குறையுள்ள பிள்ளை உங்கள் வகுப்பில் இருப்பின், பெற்றோரைத் தேசியப் பதிவிலாகாவுக்கு உடனே அனுப்பி வையுங்கள். கையில் வேலை இருக்கும்போதே அவ்வலைச்சலைத் தாங்க முடியும்.