கூண்டேறிய பேரிக்காய்

1830-ஆம் ஆண்டு ஜூலையில் மூன்றே நாட்களில் ஒரு மன்னனைத் துரத்திவிட்டு லூயி பிலிப்பைப் பாரிஸ் ஜனங்கள் சிம்மாசனத்தில் அமர்த்தியபோது, பத்திரிகைத் தணிக்கை இனி ஒருக்காலும் திரும்பாதென்று புதிய சாசனம் வாக்களித்தது. அந்த வாக்கை அட்சரசுத்தமாக நம்பியவர்களுள் ஒருவர் சார்ல் ஃபிலிப்போன். அவ்வருஷம் நவம்பரில் அவர் ஆரம்பித்த 'லா காரிகாத்யூர்' என்ற வாரப் பத்திரிகைக்குக் கல்லச்சே பெருந்துணை. செம்புத் தகட்டைச் செதுக்கும் சிரமமின்றி, சுண்ணாம்புக் கல்லின்மீது பிசுக்குள்ள மைக்கோலால் சித்திரக்காரன் தன் கையாலேயே தீட்டியதை, எண்ணெயும் நீரும் ஒட்டாவென்ற எளிய தத்துவத்தால் பிரதி பிரதியாக எடுக்க முடிந்தது.

மன்னரைக் கொத்தனாராக வரைந்து, புரட்சியின் வாசகங்களைச் சுவரிலிருந்து பூசி மறைப்பவராகக் காட்டிய சித்திரத்துக்காக 1831 நவம்பரில் ஃபிலிப்போன் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். சாயல் ஒன்றே குற்றமானால் எதைத்தான் வரைவது என்று வாதாடியவர், ஜூரர்களின் கண்ணெதிரே நான்கு முகங்களைத் தீட்டினார்: முதலாவது மன்னரின் முகம், அடுத்தவை சிறிது சிறிதாகத் தாடை பெருத்து, உச்சி குறுகி, நான்காவது வெறும் பேரிக்காய். இதையும் தண்டிப்பீர்களா என்று கேட்டார். ஆறு மாதச் சிறையும் இரண்டாயிரம் பிராங்க் அபராதமும் கிடைத்தன. அரசாங்க வக்கீலுக்குச் சற்றே ஹாஸ்ய உணர்ச்சி இருந்திருந்தால் வழக்கே தொடுத்திருக்கமாட்டார். பேரிக்காயும் பழக்கடையோடு நின்றிருக்கும். இப்போதோ பாரிஸ் நகரச் சுவர்களிலெல்லாம் சிறுவர்கள் கரியால் அதைக் கிறுக்கினர்.

ஃபிலிப்போனின் சித்திரக்காரர்களுள் தலைசிறந்தவர், மார்செய்யில் பிறந்த இளைஞர் ஓனோரே தோமியே. ஏழைகளின் காசைக் கூடைகூடையாக வாயில் வாங்கி விழுங்கும் ராட்சதனாக மன்னரை வரைந்ததற்காக, 1832-ல் அவரும் ஆறு மாதத் தண்டனை பெற்றார். 1834 பிப்ரவரியில், ஃபிலிப்போனின் தினசரியான 'ல ஷாரிவாரி' தனக்கெதிரான தீர்ப்பைப் பிரசுரிக்க நேர்ந்தபோது, அந்தச் சட்ட வாசகங்களையே பேரிக்காய் வடிவில் கோத்து அச்சிட்டது!

1835 ஜூலையில் மன்னர்மீது வெடித்த கொலைமுயற்சி, அரசாங்கத்துக்கு நல்ல சாக்காயிற்று. எழுத்து அபிப்பிராயம், சித்திரமோ செய்கை, ஆகையால் சாசனத்தின் பாதுகாப்பு அதற்கில்லை என்ற விசித்திர நியாயத்துடன், செப்டம்பர் சட்டங்கள் சித்திரங்களுக்கு முன்னனுமதியைக் கட்டாயமாக்கின. 'லா காரிகாத்யூர்' நின்றுபோயிற்று. அரசியலைத் தொடமுடியாத தோமியே, பிற்பாடு தம் கல்லை நீதிமன்றத்தின் பக்கம் திருப்பி, கறுப்பு அங்கியின் மடிப்புகளுக்குள் கர்ஜிக்கும் வக்கீல்களையும், ஆசனத்தில் அயர்ந்து தூங்கும் நீதிபதிகளையும் வருஷக்கணக்கில் வரைந்துகொண்டிருந்தார்.