படுத்துக் கிடந்தால் போகுமா முதுகுவலி?

மாத்தூர் எம்.எம்.டி.ஏ. பக்கம் ஒரு டீக்கடை. எதிரே வரிசையாக கன்டெய்னர் லாரிகள். டீ குடிக்கும் டிரைவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பெஞ்ச் காலியாகக் கிடந்தாலும் பாதிப் பேர் உட்கார மாட்டார்கள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, நின்றபடியே குடிப்பார்கள். துறைமுக கேட்டுக்காக மணிக்கணக்கில் ஸீட்டில் காத்துக் கிடந்த முதுகாச்சே!

ஐம்பதை நெருங்கும் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எட்டு மாசமா குறுக்குவலி சார். டாக்டரு மூணு வாரம் பலகையில படுத்து ரெஸ்ட் எடுன்னாரு. நான் படுத்துக்கினா வண்டிய யாரு ஓட்றது? வூட்ல அடுப்பு எரிய வேணாமா? ஓட்டிக்கினுதான் இருக்கேன். தப்புதானே சார்?"

தப்பா, இல்லையா? மருத்துவ உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி இது. விடையில் ஒரு பெரிய பங்கு நம்ம சேத்துப்பட்டில் கிடைத்தது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

வலிக்கு ஓய்வே மருந்து என்று ஆணித்தரமாகச் சொன்னவர்களில் முக்கியமானவர், லண்டன் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜான் ஹில்டன். அவருடைய சொற்பொழிவுகள் 1863-ல் புத்தகமாக வந்தன. உடைந்த எலும்பை அசைக்காமல் வைத்தால் கூடுகிறது. முதுகுக்கும் அதே நியாயம்தானே என்று நினைத்தார்கள். முதுகுவலியின் காரணங்களிலேயே எல்லோரையும் நடுங்க வைத்தது முதுகெலும்பு டி.பி. எலும்பை அரித்து, கூன் விழவைத்து, சிலரைக் கால் அசைக்க முடியாமல் போட்டுவிடும். 1779-லேயே பெர்சிவல் பாட் என்ற இன்னொரு லண்டன் டாக்டர் இதை விவரமாக எழுதிவிட்டார். சிகிச்சை? மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில் படுக்கை. போதாததற்கு உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு வேறு.

இப்போது மெட்ராஸுக்கு வருவோம். 1956. சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என நான்கு பேர் கூட்டு. அன்றைக்கு நோயாளிகள் ஏராளம், சானடோரியம் படுக்கைகளோ சொற்பம். பி.காம். படித்தவன் புத்தியோ என்னவோ, எனக்கு இந்தக் கதையில் முதலில் கண்ணில் படுவது அந்தப் பற்றாக்குறைக் கணக்குதான். படுக்கை தாராளமாக இருந்திருந்தால் யாருக்கும் அந்தக் கேள்வியே தோன்றியிருக்காது.

கேள்வி இதுதான்: படுக்கை நிஜமாகவே தேவையா? நகரத்து ஏழை நுரையீரல் டி.பி. நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு, மருந்து. மறு பாதிக்கு அதே மருந்து மட்டும். வாசம் தங்கள் நெரிசலான வீட்டில். 1959-ல் முடிவு வந்தது. ஒரு வருட முடிவில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். படுக்கையும் பால் முட்டையும் அல்ல, மாத்திரைதான் வேலை செய்திருக்கிறது!

சரி, அது நுரையீரல். உடம்பையே தாங்குகிற முதுகெலும்பு? அறுபதுகளில் கொரியாவில் பரிசோதித்தார்கள். மாசானில் ஆறு மாதப் படுக்கை எதிர் நடமாட்டம். புசானில் மாவுக்கட்டு எதிர் வெறும் முதுகு. மருந்து ஒழுங்காகப் போனால் படுக்கையாலும் கட்டாலும் கூடுதல் லாபம் எதுவும் இல்லை.

எழுபதுகளில் மெட்ராஸ் அடுத்த படிக்குப் போனது. கால் செயலிழக்காத முதுகெலும்பு டி.பி. நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு, கெட்டுப்போன எலும்பை அகற்றி வேறு எலும்பு வைக்கும் பெரிய ஆபரேஷன், கூடவே ஆறு மாத மருந்து. மற்ற இரண்டு பிரிவுகளுக்கு நடமாடிக்கொண்டே மருந்து மட்டும். ஒன்றுக்கு ஆறு மாதம், இன்னொன்றுக்கு ஒன்பது. பத்து வருடம் விடாமல் கவனித்து 1999-ல் வெளியிட்டார்கள். நல்ல நிலையில் இருந்தவர்கள்: ஆபரேஷன் பிரிவில் 90 சதவிகிதம், ஆறு மாத மருந்தில் 94, ஒன்பது மாத மருந்தில் 99! ஏற்கெனவே நன்றாகக் கூன் விழுந்த, பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்குக் கூன் அதிகமானது.

அரித்துப்போன முதுகெலும்பே நடந்துகொண்டு குணமாகும்போது, சாதாரணக் குறுக்குவலிக்கு எதற்குப் பலகை? அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ 1986-ல் சோதித்தார். ஏழு நாள் படுக்கச் சொன்னவர்களைவிட இரண்டே நாள் படுக்கச் சொன்னவர்கள் 45 சதவிகிதம் குறைவாக லீவு போட்டார்கள். உடம்பு தேறியதில் வித்தியாசமில்லை. 1995-ல் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களிடம் பார்த்தபோது, முடிந்த அளவு வழக்கமான வேலையைத் தொடர்ந்தவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். இவை புதிதாகப் பிடித்துக்கொண்ட வலிக்கானவை. நாள்பட்ட வலிக்கும் இன்று முதலில் சொல்வது உடற்பயிற்சி, நடமாட்டம்தான்.

ஆனால் ஒன்று. ஹெல்சிங்கி ஊழியருக்கு வலித்தால் சம்பளத்துடன் லீவு உண்டு, வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும் வழி உண்டு. நடமாடு என்றால் குலுங்கும் ஸீட்டில் ராத்திரி முழுக்க உட்கார் என்று அர்த்தமில்லை. மாத்தூர் டிரைவருக்குப் படுக்கையும் உதவாது, அந்த ஸீட்டும் உதவாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சௌகரியத்தை அவருக்கு யாரும் தருவதில்லை.

அவர் கேபினிலிருந்து ஸ்கேன் கவரை எடுத்து வந்தார். "டிஸ்க் பிதுங்கிக்கீதாம் சார். ஆபரேஷன் வரைக்கும் போவும்ன்றாங்க."

1994-ல் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த கதையைச் சொன்னேன். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. எல்லா டிஸ்க்கும் சுத்தமாக இருந்தவர்கள் 36 சதவிகிதம்தான்.

"அப்ப எனக்கு வலிக்கிறது பொய்யா?" முகம் சுருங்கிவிட்டது.

"வலி நிஜம்ணே. அது இந்தப் படத்துல இருக்குறதாலதான் வருதான்னு உறுதியா சொல்ல முடியாது, அவ்வளவுதான்" என்றேன். பிறகு, டாக்டர்கள் கேட்கச் சொல்லும் கேள்விகளைக் கேட்டேன். சாயங்காலக் காய்ச்சல்? உடம்பு இளைப்பு? கால் பலமிழந்து போகுதா? உட்காரும் இடம் மரத்துப்போகுதா? மூத்திரம் கட்டுப்பாட்டில் இல்லையா? கடைசி இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சலும் இளைப்பும் இருந்தால் டி.பி. இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

நான்குக்குத் தலையாட்டி 'இல்லை' என்றார். இளைப்புக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். பெல்ட்டில் புதிதாகப் போட்டிருந்த ஓட்டையைக் காட்டினார்.

"இது ரெண்டு மாசம் முன்னாடி போட்டது சார். இன்னாத்துக்கு கேக்குற?"