அகௌரா வழியே ஒரு கேபிள்: ஏற்றுமதியும் இடைவழியும்

2016 மார்ச் 23 அன்று தில்லி, டாக்கா, அகர்தலா ஆகிய மூன்று நகரங்களும் காணொளி வழியே ஒரே நிகழ்ச்சியில் இணைந்தன. பிரதமர்கள் நரேந்திர மோடி, ஷேக் ஹசீனா, திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்கார் ஆகியோர் பங்கேற்ற அந்நிகழ்ச்சியில் இரண்டு பண்டங்கள் எல்லையைக் கடந்தன. திரிபுராவிலிருந்து 100 மெகாவாட் மின்சாரம் வங்கதேசத்தின் கொமில்லாவுக்குச் சென்றது. காக்ஸ் பஜார் கடற்கரையிலிருந்து நொடிக்கு 10 ஜிகாபிட் இணையக் கொள்திறன் அகௌரா எல்லை வழியே அகர்தலாவுக்கு வந்தது. மும்பை, சென்னைக்கு அடுத்து இந்தியாவின் மூன்றாவது பன்னாட்டு இணைய நுழைவாயில் என்று அகர்தலா அறிவிக்கப்பட்டது. கடலே இல்லாத ஒரு மாநிலத்தின் தலைநகர் அந்த வரிசையில் எவ்வாறு இடம்பெற்றது என்பதை அறிய, பிரிவினைக்கு முந்தைய இருப்புப்பாதை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அசாமின் தேயிலைத் தோட்டங்களைச் சிட்டகாங் துறைமுகத்தோடு இணைப்பதற்காக அசாம் வங்காள ரயில்வே உருவானது. அப்பாதையில் அமைந்த அகௌரா சந்திப்பே, சில கிலோமீட்டர் தொலைவிலிருந்த அகர்தலாவுக்கும் ரயில் நிலையமாக விளங்கியது. 1947இல் அகௌரா கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றது. மன்னராட்சியிலிருந்த திரிபுரா 1949 அக்டோபர் 15 அன்று இந்தியாவோடு இணைந்தது. 1965 போரோடு இரு நாடுகளுக்கிடையிலான ரயில் தொடர்பும் அறுந்தது. மூன்று புறமும் அயல்நாடு சூழ, 856 கிலோமீட்டர் எல்லையைக் கொண்ட மாநிலமாகத் திரிபுரா எஞ்சியது. அங்கிருந்து கொல்கத்தா செல்ல, அசாம் மலைப்பாதைகளையும் 20 கிலோமீட்டர் அளவே அகலமுள்ள சிலிகுரி இடுக்கையும் கடந்து 1,600 கிலோமீட்டருக்கும் மேல் பயணிக்க வேண்டியிருந்தது.

இணையமும் அதே சுற்றுவழியில்தான் சென்றது. அகர்தலாவில் ஒருவர் அனுப்பும் மின்னஞ்சல் அயல்நாட்டை அடைய, சிலிகுரி வழியே சென்னைக்கோ மும்பைக்கோ சென்று அங்குள்ள கடலடிக் கேபிளைத் தொட வேண்டும். வழியில் மண்சரிவோ சாலை விரிவாக்கப் பணியோ ஒளியிழையைத் துண்டித்தால் மாநிலத்தின் தொடர்பே தடுமாறும். கடலடிக் கேபிள் கரையேறும் காக்ஸ் பஜாரோ சில நூறு கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது.

அந்தக் கேபிளை வங்கதேசம் பெற்றதும் எளிதில் நிகழ்ந்ததன்று. 1990களில் வாய்ப்பு வந்தபோது, நாட்டின் இரகசியங்கள் வெளியே கசிந்துவிடும் என்ற அச்சத்தால் அன்றைய அரசு அதை ஏற்கவில்லை என்பது அங்கு இன்றும் குறைகூறலாகப் பேசப்படுகிறது. 2006இல்தான் சிங்கப்பூரையும் பிரான்சின் மார்செய் நகரையும் இணைக்கும் ‘தென்கிழக்காசியா – மத்தியக் கிழக்கு – மேற்கு ஐரோப்பா 4’ கேபிளோடு அந்நாடு இணைந்தது. சென்னையில் கரையேறுவதும் இதே கேபிள்தான். ஒரே ஒரு கேபிளை நம்பியிருந்ததால், அது பழுதாகும்போதெல்லாம் நாடு முழுவதும் இணையம் தளர்ந்தது. எனவே 2012 முதல் மேற்கு எல்லையில் இந்தியாவிலிருந்து நிலவழிக் கேபிள்கள் மூலம் இணையக் கொள்திறனை வாங்கத் தொடங்கியது. இதனால் 2016இல் வங்கதேசம் மேற்கு எல்லையில் இந்தியாவிடம் வாங்கிக்கொண்டே, கிழக்கு எல்லையில் இந்தியாவுக்கு விற்கும் நிலைக்கு வந்தது. இதில் முரண்பாடு ஏதுமில்லை. கடலடிக் கேபிள் பழுதானால் டாக்காவுக்கு மாற்று வழி தேவை. சிலிகுரி வழி தடைப்பட்டால் அகர்தலாவுக்கு மாற்று வழி தேவை.

2015 ஜூனில் இரு நாடுகளின் அரசு நிறுவனங்கள் டாக்காவில் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, இந்தப் பரிமாற்றம் வங்கதேசத் தரப்பில் ‘ஏற்றுமதி’ என்றே வழங்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 12 இலட்சம் டாலர் வருவாய் எதிர்பார்க்கப்பட்டது. தொகையைவிட அச்சொல்லே முக்கியமானது. ஏற்றுமதியில் விற்பவர் அளவை முடிவுசெய்கிறார். பண்டம் எல்லையில் கைமாறுகிறது. தேவையானால் விற்பனையை நிறுத்தவும் இயலும்.

‘இடைவழி’ என்ற சொல்லுக்கு அந்நாட்டில் வேறொரு வரலாறு உண்டு. திரிபுராவின் பாலாட்டானா மின்நிலையத்துக்கான கனரக இயந்திரங்களை மலைச்சாலைகளில் கொண்டுசெல்ல இயலாததால், அவை அஷுகஞ்ச் துறைமுகம் வரை நீர்வழியிலும் பின்னர் அகௌரா வரை சாலையிலும் வங்கதேசம் வழியே சென்றன. பெரும் ஊர்திகள் செல்வதற்காக 2011இல் திதாஸ் ஆற்றின் குறுக்கே மண்ணணை போடப்பட்டது. நீரோட்டம் தடைப்பட்டதை எதிர்த்துக் குரல்கள் எழுந்தன. 2016இல் கொமில்லாவுக்குச் சென்றது பாலாட்டானாவில் உற்பத்தியான மின்சாரமே. எனினும், இன்னொருவரின் தேவைக்காகத் தம் நிலம் வழியாக மட்டும் பயன்பட்டது என்ற உணர்வு அதனால் மறைந்துவிடவில்லை.

இந்த உணர்வு கேபிளிலும் வெளிப்பட்டது. வடகிழக்கு மாநிலங்களின் இணையப் போக்குவரத்தை அகௌரா வழியே வாங்கி, வங்கதேசத்தின் குறுக்கே சிங்கப்பூருக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தை அந்நாட்டுத் தனியார் நிறுவனங்கள் முன்வைத்தன. 2024 ஆகஸ்டில் ஹசீனா ஆட்சி வீழ்ந்தது. டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அத்திட்டத்தைக் கைவிட்டது. வட்டார இணைய மையமாக வளரும் தன் வாய்ப்பை அது பலவீனப்படுத்தும் என்பதே கூறப்பட்ட காரணம். ஆட்சி மாற்றத்துக்குப் பின் இரு நாடுகளிடையே ஏற்பட்ட கசப்பையும் மறக்க இயலாது. ஆனால் கசப்பு மட்டுமே இதை விளக்கிவிடாது.

எல்லை அதே அகௌரா. கண்ணாடி இழையில் செல்வதும் அதே ஒளி. ஏற்றுமதியாக வந்தபோது கேபிள் வரவேற்கப்பட்டது. இடைவழியாக வந்தபோது மறுக்கப்பட்டது. முதலாவதில் வங்கதேசம் வணிகர். இரண்டாவதில் அது வெறும் பாதை. அண்டை நாடுகளை இணைக்கும் கேபிள்களின் வரலாற்றை எழுதுவோர், அவற்றின் நீளத்தையும் வேகத்தையும் மட்டும் அளந்தால் போதாது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒப்பந்தம் எந்த இடத்தை வழங்குகிறது என்பதையும் படிக்க வேண்டும். அகர்தலாவுக்கும் கடலுக்கும் உள்ள தொலைவு 1947க்குப் பின் கிலோமீட்டரால் முடிவானதில்லை.