நகல்களின் வம்சாவளி

பழைய கும்பியாப் பாடல்களை சிந்தசைஸரில் கேட்டு முகம் சுளிப்பவர்கள் ஒரு அசலை மனதில் வைத்துக்கொண்டுதான் சுளிக்கிறார்கள். அந்த அசல் பெரும்பாலும் நாற்பது ஐம்பதுகளின் கொலம்பிய இசைத்தட்டு. அந்த இசைத்தட்டே ஒரு நகல் என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை.

கொலம்பியாவின் கரீபியக் கரையில் கும்பியாவுக்கு உயிர் கொடுத்த கருவிகளில் ஒன்று காய்த்தா. கள்ளித்தண்டைக் குடைந்து, தேன்மெழுகும் கரித்தூளும் பிசைந்து தலை வைத்து, வாத்திறகின் காம்பைச் செருகி ஊதும் பூர்வகுடிகளின் நெடுங்குழல். ஜோடியாக வாசிப்பார்கள். ஒன்று பாடும், மற்றது ஓரிரு ஸ்வரங்களில் நின்று அதைத் தாங்கும். கூடவே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் முரசுகள். 1940களில் லூச்சோ பெர்முதெஸ் இந்த இசையைக் கிளாரினெட்டுக்கும் சாக்ஸபோன் வரிசைக்கும் மாற்றி நகரத்து கிளப்புகளுக்குள் கொண்டுபோனார். குழலின் காற்றுப் பிசிறு அங்கே நின்றுவிட்டது. இதை மெருகு என்கிறோம். பின்னால் கிதாரும் கீபோர்டும் செய்ததைக் கொச்சை என்கிறோம். வித்தியாசம் இசையில் இல்லை, வாசித்தவர்கள் போட்டிருந்த கோட்டில் இருக்கிறது.

கொலம்பிய இசைத்தட்டுகள் கண்டமெங்கும் போயின. பெருவின் காட்டோர ஊரான மொயோபம்பாவைச் சேர்ந்தவர்கள் லிமாவில் 1973-ல் அமைத்த லோஸ் மிர்லோஸ் குழு, எதிரொலியில் நனைந்த எலெக்ட்ரிக் கிதாரை முன்னே நிறுத்திற்று. அவர்கள் புகழாக்கிய 'லா தான்ஸா தே லோஸ் மிர்லோஸ்' என்ற உருப்படியில் பாடகனுக்கு வேலை இல்லை, கிதார்தான் பாடுகிறது. வேடிக்கை இனிமேல்தான். கொலம்பியாவில் மெதெயின் நகரத்து டிஸ்கோஸ் ஃபுவென்டெஸ் கம்பெனி, இந்தக் கிதார் ஒலியைப் பிடிப்பதற்கென்றே அஃப்ரோசவுண்ட் என்ற குழுவைக் கூட்டி, இதே உருப்படியைப் பதிவுசெய்தது. மகள் புகுந்த வீட்டில் பழகிய பேச்சைத் தாய்வீடு பேச ஆரம்பித்துவிட்டது. (வங்கிப் பாஷையில் அசலுக்கு எதிர்ச்சொல் நகல் அல்ல, வட்டி. கும்பியாவுக்கும் அதுவே பொருந்தும் என்று படுகிறது.)

2000-ஐ ஒட்டி புவனோஸ் ஐரிஸின் குடிசைப் பகுதிகளிலிருந்து கும்பியா வியேரா எழுந்தது. தாமஸ் கிராதிஸ் குழுவின் பாப்லோ லெஸ்கானோ, கிதார்போலத் தோளில் மாட்டிய கீபோர்டில் அதே மிர்லோஸ் மெட்டை வாசித்தார். மெலிந்த, மூக்கால் பேசுகிற தொனி. பெர்முதெஸின் வழவழப்பான கிளாரினெட்டைவிட இந்த இயந்திரம் காய்த்தாவின் பிசிறுக்குக் கிட்டே நிற்பதாக என் காதுக்குப் படுகிறது. 2001-ல் அர்ஜென்டினாவின் ஒலிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு, வியேராப் பாடல்களை மதிப்பிடத் தனி விதிமுறைகளே வெளியிட்டது. போதையும் திருட்டும் பேசும் வார்த்தைகள்தான் அதன் கவலை. மெட்டுகள் எந்த வழியாக வந்தன என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல.

சிந்தசைஸரில் வந்ததெல்லாம் சிருஷ்டி என்று நான் சொல்லவில்லை. டிரம்பெட்காரர்களின் சம்பளத்தை மிச்சப்படுத்த கீபோர்டை டிரம்பெட்டாக நடிக்கவைக்கும் பதிவுகள் ஏராளம். போலி என்ற வார்த்தையை அவற்றுக்காக வைத்துக்கொள்ளலாம். கீபோர்டு கீபோர்டாகவே ஒலிப்பது வேறு விஷயம்.

ஒரு ஸ்வரமும் வாசிக்காமல் பாடலைப் புதிதாக்கியவர் மெக்ஸிகோவின் மான்டெர்ரே நகரில் இருந்தார். கொலம்பிய இசைத்தட்டுகளை விருந்துகளில் போடும் கப்ரியேல் துவேன்யெஸின் கருவி ஒருமுறை சூடேறி வேகம் குறைந்து சுழன்றது. பாட்டு இழுபட்டது, குரல்கள் தடித்தன. ஆடியவர்கள் அப்படியே வேண்டுமென்றார்கள். 'ரெபஹாதா' என்று பெயர் வைத்துக் காஸெட்டுகளாக அவர் விற்றார். வரிவரியாகக் கீறிய தண்டைக் கம்பியால் சுரண்டும் குவாச்சராக்கா, சாதாரண வேகத்தில் ஒரே உரசலாகக் கடந்துபோகும். இந்தக் காஸெட்டுகளில் ஒவ்வொரு கீறலும் தனித்தனியாகக் கேட்கிறது.